அச்சில் வராத பொம்மை

பொம்மை செய்வது பற்றி எழுதப் போகிறேன் என்றதும் வகுப்பில் ஒரே சிரிப்பு. "டேய், டிப்ளமோ படிக்கிறியா, கொலு வைக்கப் போறியா?" என்றார்கள். ஜப்பானில் ஹிராத்தா கோயோ என்ற பொம்மைக் கலைஞரை 1955-ஆம் ஆண்டு அந்நாட்டு அரசே 'வாழும் தேசியச் செல்வம்' என்று அறிவித்ததைச் சொன்னேன். சிரிப்பு கொஞ்சம் அடங்கியது.

கடையில் வாங்கும் கொலு பொம்மைகள் பெரும்பாலும் முன்பக்கம், பின்பக்கம் என்று இரண்டு அச்சில் எடுத்து ஒட்டியவை. நூறு செய்தாலும் நூறுக்கும் ஒரே முகம். நான் சொல்ல வருவது, அச்சே இல்லாமல் கையால் உருவாக்கும் ஒற்றைப் பொம்மை. நான் செய்தது எங்கள் ஆத்தாவை. அவங்க இறந்த பிறகு தேடினால், பழைய ரேஷன் கார்டில் ஒட்டிய மங்கிய போட்டோ ஒன்றுதான் வீட்டில் மிச்சம்.

முதலில் எலும்புக்கூடு. கான்கிரீட் வேலைக்கு வாங்கும் கட்டுக்கம்பியை இரண்டு இழையாக முறுக்கிக் கொள்ளவும். ஈரக் கூழ் பட்டால் துரு வெளியே கசியும். ஆகவே ரெட் ஆக்சைடு அடித்துக் காயவிட வேண்டும். மேலே பழைய வேட்டியை நாடாவாகக் கிழித்துச் சுற்றினால் கூழ் நன்றாகப் பிடிக்கும். என் பொம்மை 12 அங்குலம். அதில் தலை 2 அங்குலம். நிஜ மனிதர் சுமார் ஏழரைத் தலை உயரம் இருப்பார். பொம்மைக்கு ஆறு தலை வைத்தால் முகம் எடுப்பாகத் தெரியும்.

செய்தித்தாளைக் கிழித்து இரண்டு நாள் ஊறவைத்து, ஆட்டுக்கல்லில் அரைத்துப் பிழிந்து, மைதாப் பசையும் சாக் பவுடரும் சேர்த்துப் பிசைந்தால் கூழ் தயார். பூச்சி அரிக்காமலிருக்கப் பசையில் ஒரு சிட்டிகை மயில்துத்தம். (அது விஷம். சமையல் பாத்திரம் பக்கமே கொண்டு போகாதீர்கள்!) ஆத்தாவும் காகிதம் அரைத்தவங்கதான். முறத்துக்குப் பூச வெந்தயத்தோடு சேர்த்து அரைப்பாங்க.

இனிமேல்தான் என் முட்டாள்தனம். அவசரப்பட்டு அரை அங்குலக் கனத்துக்கு ஒரேயடியாகக் கூழை அப்பி, மொட்டை மாடி வெயிலில் வைத்தேன். நாலாம் நாள் கழுத்தைச் சுற்றி வெடிப்பு. இடுப்பிலும் வெடிப்பு. காரணம் நம் பாடத்திலேயே இருக்கிறது. வெளித்தோல் முதலில் காய்ந்து சுருங்குகிறது. உள்ளே ஈரம் அப்படியே இருக்கிறது. நடுவில் உள்ள கம்பியோ சுருங்கவே சுருங்காது. அப்புறம் வெடிக்காமல் என்ன செய்யும்? வார்ப்பிரும்புக்கு மீட்டருக்கு 10 மி.மீ. சுருக்கம் விட்டு பேட்டர்ன் செய்யப் படித்த நான், கூழும் சுருங்கும் என்று யோசிக்கவில்லை. கான்கிரீட்டுக்குத் தண்ணீர் விட்டுக் காப்பதும் இதே பயத்தால்தானே!

எல்லாவற்றையும் உரித்தெடுத்தேன். இரண்டாம் முறை தீக்குச்சிக் கனம் மட்டும் பூசி, நிழலில் உலர்த்தி, முழுக்கக் காய்ந்த பிறகே அடுத்த பூச்சு. ஐந்து பூச்சுக்குப் பன்னிரண்டு நாள் ஆனது. வெடிப்பு வரவில்லை. ஆனால் தலை கனத்து, பொம்மை முன்னால் சாய்ந்தது. ஈர்ப்பு மையத்திலிருந்து விடும் நூல் பாதங்களுக்குள் விழ வேண்டுமே! முதுகைக் கொஞ்சம் பின்னுக்கு வளைத்ததும் நின்றது.

முகம்தான் கஷ்டம். தலையின் உயரத்தில் சரிபாதியில் கண் வரவேண்டும். புதிதாகச் செய்கிறவர்கள் எல்லோரும் மேலே தூக்கி வைத்து விடுகிறோம். அதைச் சரி செய்தும் அம்மா பார்த்துவிட்டு, "யாரு இது?" என்றார்கள். டிவைடர் வைத்து அளந்து இரண்டு கன்னத்தையும் ஒரே மாதிரி செய்திருந்தேன். ஒர்க் ஷாப் பழக்கம்! மறுபடி மாற்றியபோதும் அம்மா தலையாட்டவில்லை. பிறகு அவங்களே சொன்னாங்க: "ஆத்தாவுக்கு இடது பக்கம் பல்லு கிடையாதுடா. வெத்தலைய வலது பக்கமேதான் ஒதுக்குவாங்க." இடது கன்னத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துக் குழித்தேன். வலது கன்னத்தில் ஒரு மொச்சைக்கொட்டை அளவு கூழ் வைத்தேன். அம்மா ஒன்றும் பேசாமல் பொம்மையை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்கள்.

பக்கத்து வீட்டு அக்கா கொலுவுக்கு இதே மாதிரி இன்னொன்று கேட்டார். அவங்க பாட்டியைப் பற்றிச் சொன்னால் செய்கிறேன் என்றிருக்கிறேன். விரல்கள் மட்டும் எனக்கு இன்னும் சரியாக வரவில்லை. முருங்கைக்காய் மாதிரி நிற்கின்றன. மெல்லிய தாமிரக் கம்பி போட்டுப் பார்க்கலாமென்று எண்ணம். எலக்ட்ரிக்கல் நண்பர்கள் யாரிடமாவது பழைய சுருள் கம்பி இருந்தால் கொடுங்களேன்!