அலியா, டைசனா? கட்சி சேருமுன் பார்க்க வேண்டியவை

1970 ஜனவரியில், நடக்கவே நடக்காத ஒரு குத்துச்சண்டையை அமெரிக்கர்கள் தியேட்டரில் டிக்கெட் எடுத்துப் பார்த்தார்கள். ராக்கி மார்சியானோவும் முகமது அலியும் கேமரா முன் குத்துவதுபோல் நடிக்க, முடிவை மட்டும் கணினி சொன்னது. அமெரிக்காவில் ஓடிய படத்தில் 13-வது ரவுண்டில் மார்சியானோ ஜெயித்தார். ஐரோப்பாவில் காட்டிய இன்னொரு பிரதியில் அலி. கணினிக்கும் ஊர்ப்பாசம் உண்டு போலிருக்கிறது.

அலி, மைக் டைசன் மோதலுக்கும் அப்படித்தான் ஆளுக்கொரு முடிவு கையில் இருக்கிறது. கட்சி சேர்வதற்கு முன், எந்த அலி, எந்த டைசன் என்று கேட்டுவிட வேண்டும். நியாயமான ஜோடி 1966 அலியும் 1988 டைசனும்தான். முன்னவர் அந்த நவம்பரில் ஹூஸ்டனில் கிளீவ்லேண்ட் வில்லியம்ஸை மூன்றே ரவுண்டில் முடித்தார். பின்னவருக்கு மைக்கேல் ஸ்பிங்க்ஸை வீழ்த்த 91 வினாடி போதுமானதாக இருந்தது.

எடையில் பெரிய வித்தியாசம் இல்லை. அலி 96 கிலோ, டைசன் 99 கிலோ அளவில் இருந்தார்கள். உயரத்தில்தான் இடிக்கிறது: அலி 191 செ.மீ., டைசன் 178. கைவீச்சிலும் அலிக்கு 18 செ.மீ. கூடுதல். டைசன் அந்தத் தூரத்தைக் கடந்து உள்ளே நுழைந்தாக வேண்டும்.

நுழையத் தெரிந்தவர்தான் அவர். கையுறைகளைக் கன்னத்தோடு ஒட்டி, தலையை இடமும் வலமும் ஆட்டிக்கொண்டே பாயும் வித்தையைப் பயிற்சியாளர் கஸ் டமாட்டோ சொல்லிக்கொடுத்திருந்தார். அதே டமாட்டோவின் முந்தைய சீடர் ஃபிலாய்ட் பேட்டர்சனை அலி 1965-இல் 12-வது ரவுண்டு வரை இழுத்து வென்றதை அலி ரசிகர்கள் சொல்வார்கள். அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. பேட்டர்சன் எடை குறைந்தவர். அன்று முதுகுவலியோடு வேறு ஆடினார்.

டைசன் பக்கம் சாய நினைப்பவர்களுக்கு வலுவான சாட்சி இடது ஹூக். அலி வலது கையைத் தாழ்த்தி வைத்துக்கொண்டு, வரும் குத்துக்குத் தலையை நேராகப் பின்னால் இழுப்பார். 1963-இல் வெம்பிளியில் ஹென்றி கூப்பரின் இடது ஹூக் அவரைக் கயிற்றோரம் உட்கார வைத்தது. நான்காவது ரவுண்டு முடியும் நேரமாக இருந்ததால் தப்பினார். 1971-இல் ஜோ ஃப்ரேசியர் அதே குத்தில் 15-வது ரவுண்டில் மல்லாக்கச் சாய்த்தார். டைசனின் ஹூக் இவர்களுடையதைவிட மெதுவானதல்ல.

ஆனால் முதல் நான்கு ரவுண்டு கடந்துவிட்டால் கணக்கு மாறுகிறது. 1986-இல் ஜேம்ஸ் டில்லிஸ் நகர்ந்துகொண்டே பத்து ரவுண்டும் தாக்குப்பிடித்தார். 1990-இல் டோக்கியோவில் பஸ்டர் டக்ளஸ் நீண்ட இடது ஜேபால் டைசனைத் தள்ளி நிறுத்தி, பத்தாவது ரவுண்டில் சாய்த்தார். அந்த டைசன் சரியான தயாரிப்பில் இல்லை என்பது உண்மை. ஆனாலும் டில்லிஸின் காலும் டக்ளஸின் ஜேபும் அலி ஒருவரிடமே இருந்தன, இருவரையும் மிஞ்சிய வேகத்தில்.

பழைய 15 ரவுண்டு விதி என்றால் அலி பக்கம் யோசிக்காமல் சாயலாம். 12 என்றாலும் அலிதான், பதினொன்றாவது ரவுண்டு வாக்கில். மூன்றாவது ரவுண்டுக்குள் முடியும் என்று நம்புபவருக்கு டைசன்.

எல்லாரும் விட்டுவிடும் இன்னொரு ஆள் நடுவர். நெருங்கி வருபவரின் பிடரியில் கைபோட்டு அழுத்திக் கட்டிக்கொள்வது அலியின் பழைய பழக்கம். 1987-இல் ஜேம்ஸ் ஸ்மித் 12 ரவுண்டும் டைசனைக் கட்டிக்கொண்டே காலம் கடத்தினார், புள்ளிகள் பறிபோன பிறகும். கட்டிப்பிடித்தால் உடனே பிரித்துவிடும் கறாரான நடுவர் அமைந்தால், டைசன் மேல் இன்னும் கொஞ்சம் பணம் வைக்கலாம்.