மணலுக்குள் நீந்தும் அரணை

கேள்வி: பல்லி போன்ற ஓர் உயிருக்கு ‘மணல் மீன்’ என்ற பெயர் எப்படி வந்தது? மணலுக்குள் அது உண்மையிலேயே நீந்துகிறதா?

பதில்: மணல் மீன் என்பது சகாரா முதலிய பாலைநிலங்களில் வாழும் ஓர் அரணை. நம் தோட்டத்து அரணையைப் போலவே வழவழப்பான செதில்கள்; முகம் மட்டும் ஆப்பு போலக் கூர்ந்திருக்கும். ஆபத்தை உணர்ந்ததும் தலைகுப்புற மணலில் பாயும். கண்மூடித் திறப்பதற்குள் வாலும் மறைந்துவிடும். சரியும் மணல் அது புகுந்த இடத்தை மூடிவிடும். குளத்தில் மீன் முங்குவது போன்ற இந்தக் காட்சிதான் பெயருக்குக் காரணம்.

உள்ளே போனபின் அது கால்களால் துழாவி நகர்கிறதா, உடலை நெளிக்கிறதா என்பது நெடுநாள் விவாதமாக இருந்தது. மணலுக்குள் எதுவும் தெரியாது என்பதுதான் சிக்கல். அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் பல்கலைக்கழகத்தில் டேனியல் கோல்ட்மேன் குழுவினர் அதிவேக எக்ஸ்ரே படக்கருவியைக் கொண்டு இதைப் பார்த்து, 2009-இல் முடிவை வெளியிட்டார்கள். மணலுக்குப் பதிலாக 0.3 மில்லிமீட்டர் கண்ணாடி மணிகளைப் பயன்படுத்தினார்கள். புதைந்தவுடன் அரணை நான்கு கால்களையும் விலாவோடு ஒட்டிக்கொள்கிறது. தலையிலிருந்து வால்வரை ஓர் அலை ஓடுகிறது. அந்த நெளிவு ஒன்றினாலேயே நொடிக்குச் சுமார் 10 சென்டிமீட்டர் முன்னேறுகிறது. ஆகவே, நீந்துகிறது என்பது வெறும் உவமை அல்ல.

ஆனால் மணல் தண்ணீர் அல்ல. தண்ணீரில் வேகம் கூடக்கூட எதிர்ப்பும் கூடும். மணலின் எதிர்ப்போ மணிகள் ஒன்றோடொன்று உரசுவதால் வருவது. தரையில் மூட்டையை இழுப்பது போல, மெதுவாக இழுத்தாலும் விரைவாக இழுத்தாலும் அது ஏறக்குறைய ஒன்றுதான். அதை முக்கியமாகக் கூட்டுவது ஆழம்: மேலே உள்ள மணலின் பாரம் மணிகளை இறுக்குகிறது. இன்னொரு வேறுபாடும் உண்டு. நீரில் மீன் நெளிவதை நிறுத்தினாலும் சிறிது தூரம் வழுக்கிச் செல்லும். மணலில் நெளிவு நின்ற கணமே உடலும் நின்றுவிடும்.

பிறகு எது முன்னே தள்ளுகிறது? ஒரு பென்சிலை மணலில் படுக்கையாகப் புதைத்து நீளவாக்கில் இழுத்தால் எளிதில் வந்துவிடும். குறுக்காகத் தள்ளினால் அதன் முன் மணல் குவிந்து அழுத்தமாகத் தடுக்கும். அரணையின் உடல் இந்த வேறுபாட்டில்தான் வாழ்கிறது. நெளியும் உடலின் ஒவ்வொரு பகுதியும் மணலைச் சாய்வாகப் பின்னுக்குத் தள்ள, குறுக்குத் தடை உந்துவிசையாகிறது. நீளவாக்குத் தடை குறைவாக இருப்பதால் உடல் முன்னே நழுவுகிறது. ஓர் அலை முடியும்போது, அலைநீளத்தில் பாதியளவு தூரம் கடந்திருக்கும்.

இந்த ஆய்வில் கிடைத்த மிக அழகான செய்தி வேறு. இறுகிய மணலில் அரணை தடுமாறும் என்றுதான் யாரும் எண்ணுவார்கள். தடுமாறவில்லை. மணல் இறுகும்போது இழுக்கும் தடையும் உந்தும் விசையும் சேர்ந்தே கூடுகின்றன. இரண்டின் விகிதம் பெரிதாக மாறுவதில்லை. அதனால் தளர்ந்த மணலிலும் இறுகிய மணலிலும் ஓர் அலைக்குக் கிடைக்கும் முன்னேற்றம் ஏறத்தாழ ஒன்றே. உழைப்பு மட்டும் கூடுகிறது.

மணலின் மேலே நகர்வோருக்குச் சிக்கல் நேர்மாறானது: தள்ளும்போது மணல் சரியாமல் இருக்க வேண்டும். ஒட்டகம் அகன்ற பாதத்தால் பாரத்தைப் பரப்பிவிடுகிறது. அமெரிக்கப் பாலைகளின் சைட்வைண்டர் என்னும் கிலுகிலுப்பைப் பாம்பு உடலின் சில பகுதிகளைத் தூக்கி, மற்றவற்றை மணலில் அசையாமல் பதித்து, பக்கவாட்டில் எட்டுவைக்கிறது. மணல்மேடு செங்குத்தாக ஆக ஆக, தரையில் பதியும் உடல்நீளத்தை அது கூட்டிக்கொள்கிறது என்று 2014-இல் கோல்ட்மேன் குழு காட்டியது. அழுத்தம் பரவலாக விழுவதால் மணல் சரிவதில்லை. தமிழ்நாட்டின் வறண்ட நிலங்களில் உள்ள சுருட்டை விரியனும் இப்படிப் பக்கவாட்டில் நகரக்கூடியதுதான்.