ஒட்டுப்படத் தட்டு: பார்ப்பதற்கா, பரிமாறுவதற்கா?



நமது டிரஸ்ட்டின் மகளிர் கைத்தொழில் வகுப்பில் சென்ற ஆண்டு பீங்கான் தட்டுகளில் டீகால் என்னும் ஒட்டுப்படம் பதிப்பதைக் கற்றுக்கொடுத்தோம். அல்ஹம்துலில்லாஹ், பலருக்கும் கை நன்றாகவே வந்தது. கணவரை இழந்த ஒரு சகோதரி ஆறு தட்டுகளை வீட்டிலேயே செய்து, ஒரு கல்யாண வீட்டுக்கு விற்றார். பத்து நாளில் தட்டுகள் திரும்பி வந்தன. வாங்கியவர்கள் அவற்றில் புளிச்சோறும் எலுமிச்சை ஊறுகாயும் வைத்திருக்கிறார்கள். ரோஜாப்பூவின் இதழ் ஒன்று உரிந்து சோற்றோடு வந்துவிட்டது. சகோதரி பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். அந்தத் தொகையை டிரஸ்ட் அவருக்கு ஈடுசெய்தது. ஏனென்றால் தவறு எங்களுடையது. ஒட்டச் சொல்லிக்கொடுத்த நாங்கள், அதில் உணவு வைக்கக் கூடாது என்பதைச் சொல்லிக்கொடுக்கவில்லை. விட்டுப்போன அந்தப் பாடத்தை இப்போது எழுதுகிறோம்.

“கடையில் விற்கும் பூப்போட்ட தட்டிலும் டீகால்தானே இருக்கிறது, அது மட்டும் ஏன் உரிவதில்லை?” என்று வகுப்பில் ஒரு பிள்ளை கேட்டாள். நல்ல கேள்வி. படத்தைத் தாளில் அச்சிட்டுப் பீங்கானுக்கு மாற்றும் வித்தை பழையது. 1756இல் இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் ஜான் சாட்லர், கை கிரீன் என்ற இருவர், ஆறு மணி நேரத்தில் 1,200க்கு மேற்பட்ட ஓடுகளில் படம் பதித்ததாகச் சத்தியப் பத்திரமே எழுதிக்கொடுத்தார்கள். இன்றைய தொழிற்சாலை டீகாலில் இருப்பது சாதாரண மை அல்ல. உலோகத்திலிருந்து எடுத்த வண்ணமும் கண்ணாடித் தூளும் கலந்த கலவை. அதைத் தட்டில் ஒட்டிச் சூளையில் ஏறத்தாழ 800 டிகிரி செல்சியஸில் சுடுவார்கள். மேலிருக்கும் மெல்லிய ஏடு எரிந்துபோகும். வண்ணம் உருகித் தட்டின் கண்ணாடிப் பூச்சோடு ஒன்றாகிவிடும்.

நம் வீட்டு டீகாலில் இருப்பது பிரிண்டர் மையும் அதன்மேல் ஒரு பிளாஸ்டிக் ஏடும். வீட்டு ஓவன் 250 டிகிரிக்கு மேல் போவதில்லை. ஓவனில் வைக்கச் சொல்லும் தாள்களும் உண்டு. அந்தச் சூட்டில் ஏடு இறுகுமே தவிர, பீங்கானோடு கலக்காது. எத்தனை முறை வார்னிஷ் அடித்தாலும் அது தட்டின் மேல் ஒட்டியிருக்கும் தோல்தான். புளிப்பு, எண்ணெய், சூடு, தேய்க்கும் நார் என்று நம் சாப்பாட்டோடு வருவதெல்லாம் அந்தத் தோலுக்குப் பகை.

சுட்ட தட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. வண்ணங்களில் ஈயமோ கேட்மியமோ இருந்தால் புளிப்பு அதைக் கரைத்து உணவில் சேர்க்கும். இதைச் சோதிக்க, 4 சதவீத அசிட்டிக் அமிலத்தை, அதாவது காடியின் புளிப்புப் பொருளை, தட்டில் ஊற்றி 24 மணி நேரம் வைத்துப் பார்ப்பது சர்வதேச முறை. ஆகவே பூ மங்கிப்போன பழைய தட்டில் ஊறுகாய் வைக்கும் பழக்கம் நம் வீடுகளில் இருந்தால், அதை விட்டுவிடுவது நல்லது.

இனி செய்முறை. வெள்ளைத் தட்டைச் சோப்பு போட்டுக் கழுவி, ஸ்பிரிட் தொட்ட துணியால் துடையுங்கள். விரல் எண்ணெய் பட்ட இடத்தில் படம் பிடிக்காது. இங்க்ஜெட் பிரிண்டரில் டீகால் தாளில் அச்சிட்டால், மை நன்றாகக் காய்ந்தபின் நிறமற்ற அக்ரிலிக் ஸ்பிரேயை மெல்லியதாக இரண்டு மூன்று முறை அடிக்க வேண்டும். இல்லையென்றால் தண்ணீரில் போட்டவுடன் மை கரைந்து ஓடிவிடும். மொட்டைமாடியில், முகக்கவசத்தோடு, அடுப்புக்கு எட்டாத தூரத்தில் அடியுங்கள், அது தீப்பற்றக்கூடியது. படத்தை ஓரமாக வெட்டி, வெதுவெதுப்பான நீரில் ஒரு நிமிடம்வரை ஊறவிட்டால் ஏடு தாளிலிருந்து நழுவத் தொடங்கும். அப்போது பிடித்து இழுக்காதீர்கள். ஈரமாக்கிய தட்டின்மேல் வைத்து, அடியிலிருக்கும் தாளை மெல்ல உருவுங்கள். நடுவிலிருந்து ஓரத்தை நோக்கிப் பழைய ஏடிஎம் அட்டையால் நீரையும் காற்றுக் குமிழையும் தள்ளுங்கள். ஒருநாள் முழுக்கக் காயட்டும். பிறகு மேலே ஒரு பூச்சு. பொறுமையற்றவர்களுக்கு இந்த வேலை சரிப்படாது. முதல் இரண்டு தட்டு கோணலாகத்தான் வரும்.

உண்பண்டம் வைக்கத்தான் வேண்டும் என்பவர்களுக்கு ஒரு வழி உண்டு. நிறமற்ற கண்ணாடித் தட்டு வாங்கி, அச்சிட்ட டிஷ்யூவின் மேல் ஏட்டை மட்டும் உரித்து, படம் மேலிருந்து தெரியும்படி அடிப்பக்கத்தில் பசையால் ஒட்டி, அங்கேயே வார்னிஷ் பூசிவிடலாம். பேரீச்சம்பழம் தொடுவது கண்ணாடியை மட்டுமே. விளிம்பில் பசை வழியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கழுவும்போது தண்ணீரில் முக்காமல் மேற்பக்கத்தை மட்டும் துடைக்க வேண்டும். நாலு பேர் சேர்ந்து உண்ணும் சஹனுக்கு இது ஆகாது.

பலர் ஆயத்துகளை ஒட்டித்தரக் கேட்கிறார்கள். பத்தாம் நூற்றாண்டில் நிஷாப்பூர், சமர்கந்துக் கைவினைஞர்கள் தட்டுகளில் கூஃபி எழுத்தில் வாழ்த்தும் அறிவுரையும் எழுதினார்கள். எழுத்தைக் கண்ணாடிப் பூச்சுக்கு அடியில் வைத்துச் சுட்டதால் இன்றும் அருங்காட்சியகங்களில் அழியாமல் இருக்கின்றன. நம் ஒட்டுப்படமோ ஒருநாள் உரிந்து, துடைப்பத்தில் சேர்ந்து குப்பைக்குப் போகும். ஆகவே எங்கள் வகுப்பில் இறைவசனத்தை ஒட்டுவதில்லை. கொடியும் பூவும் நட்சத்திரக் கோலமும் போதும். இது வகுப்பின் விதி. மார்க்கத் தீர்ப்பு வேண்டுவோர் பள்ளி இமாமிடம் கேட்டுக்கொள்ளவும்.

விற்பவர்களுக்கு: தானியக் குவியலுக்குள் கைவிட்டு ஈரத்தைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று வியாபாரியிடம் கேட்ட சம்பவம் நாம் அறிந்ததே. தட்டின் பின்புறம் “அலங்காரத்துக்கு மட்டும், உணவு வைக்க வேண்டாம்” என்று ஒட்டுங்கள், வாயாலும் சொல்லுங்கள். சிலர் வாங்காமல் போவார்கள், போகட்டும். சுவரில் மாட்டும் கம்பியோடோ, சாவியும் மோதிரமும் வைக்கும் தட்டு என்றோ சொல்லி விற்றால் கேட்டு வருபவர்கள் இருக்கிறார்கள். அந்தச் சகோதரி இப்போது அப்படித்தான் விற்கிறார்.

அடுத்த வகுப்பு, இன்ஷா அல்லாஹ், வரும் சனிக்கிழமை அஸருக்குப் பிறகு டிரஸ்ட் அலுவலக மாடியில். வெள்ளைத் தட்டு ஒன்று, பழைய பருத்தித் துணி, கத்தரிக்கோல் கொண்டுவாருங்கள். தாளும் ஸ்பிரேயும் பின்புறம் ஒட்டும் சீட்டும் நாங்கள் தருகிறோம்.