நொப்ளரின் தொனியும் பறங்கியரின் தாளமும்

கேள்வி: மட்டக்களப்பு, கல்லடியில் இருக்கிறேன். மார்க் நொப்ளர் என்றால் எனக்கு உயிர். 'சுல்தான்ஸ் ஒஃப் ஸ்விங்' பாட்டின் கிற்றார்த் தொனியை எப்படியாவது கொண்டுவர வேண்டும். கையில் இருப்பது ஸ்ட்ராட் வடிவில் ஒரு மலிவுக் கிற்றாரும் சின்ன அம்பிளிபயரும்தான். என்ன பெடல் வாங்கலாம்? "நொப்ளரே ஜே. ஜே. கேலைப் பார்த்து வாசித்தவர், அவரைப் பார்த்து நீ வாசிப்பது கொப்பியின் கொப்பி" என்று கூட்டாளி சொல்கிறான். அவனுக்கு என்ன சொல்வது?

பதில்: தம்பி, பெடல் வேண்டாம். அந்தக் காசுக்கு நல்ல தந்திகள் இரண்டு செட் வாங்குங்கள்.

நொப்ளர் அந்தப் பாட்டில் பிக் பிடிக்கவில்லை. பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் மூன்றாலும் கிள்ளுகிறார். மற்ற இரண்டு விரல்களும் கிற்றாரில் ஊன்றியிருக்கும். தந்தியைச் சற்று வெளியே இழுத்து விடுவதால்தான் அந்தச் 'சடக்'. மெல்லத் தொட்ட சுரமும் சுண்டிவிட்ட சுரமும் வேறுவேறாகக் கேட்க வேண்டும். கெய்னைக் கூட்டினால் இரண்டும் ஒன்றாகிவிடும். ஆகவே அதைக் குறைத்து, கொஞ்சம் ரிவேர்ப் மட்டும் விடுங்கள். பிக்கப் ஸ்விட்சை பிரிட்ஜுக்கும் நடுவுக்கும் இடையில் வையுங்கள். பழைய ஸ்ட்ராட்களில் மூன்று நிலைதான். இடையில் நிறுத்தி வாசிப்பது கலைஞர்கள் கண்ட வழி. 1977இல்தான் ஃபெண்டர் ஐந்து நிலை ஸ்விட்ச் பொருத்தியது.

நீங்கள் வாவிக்கும் கடலுக்கும் நடுவில் குடியிருப்பவர். உப்புக் காற்றில் தந்தி சீக்கிரம் துருப்பிடித்து ஒலி மங்கிப்போகும். வாசித்து முடிந்ததும் உலர்ந்த துணியால் துடைக்காவிட்டால் நான் சொன்ன மற்றதெல்லாம் வீண்.

கூட்டாளி சொன்னதில் உண்மை இருக்கிறது. 1978இல் வந்த நொப்ளர் குழுவின் முதல் இசைத்தட்டில் கேலின் சாயல் பச்சையாகவே கேட்கும். சிவப்பு ஸ்ட்ராட் மீதான ஆசை 'ஷடோஸ்' குழுவின் ஹாங்க் மார்வினிடமிருந்து வந்தது. நொப்ளர் போற்றிய விரல்வாசிப்புக்காரர் செட் அட்கின்ஸ். 1990இல் அவரோடு சேர்ந்தே ஓர் இசைத்தட்டு வெளியிட்டார். 'சுல்தான்ஸ்' பாட்டில் டீ மைனர், சீ, பீ ஃபிளாட், ஏ என்று கோர்ட்கள் படியிறங்குவது ஸ்பெயின் நாட்டு ஃபிளமெங்கோக்காரர்களின் பழைய நடை. எதையும் அவர் மறைத்ததில்லை.

'மணி ஃபோர் நத்திங்' (1985) கதையை அவனுக்குச் சொல்லுங்கள். 'ஸீஸீ டொப்' குழுவின் பில்லி கிப்பன்ஸ் தொனி வேண்டும் என்று நொப்ளர் அவரிடமே கேட்டாராம். தான் ஒன்றும் சொல்லிக் கொடுக்கவில்லை என்கிறார் கிப்பன்ஸ். நொப்ளர் ஸ்ட்ராட்டை வைத்துவிட்டு லெஸ் போல் எடுத்தார். மொன்செராட் தீவு ஸ்டூடியோவில் மைக் இன்னும் சரியாக நிறுத்தப்படாமல் இருந்த நேரத்தில் வந்த ஒலி பிடித்துப்போக, அப்படியே பதிந்தார்கள். கிப்பன்ஸின் தொனி கிடைக்கவில்லை. கிடைத்ததை இன்று உலகமெங்கும் 'நொப்ளர் தொனி' என்று துரத்துகிறார்கள். நீங்கள் தவறவிடும் இடத்திலும் உங்களுடையது ஏதாவது வரும், அதை அழிக்காதீர்கள்.

இந்தக் கொப்பி வழக்கை உங்கள் ஊரிலேயே வைத்துப் பார்க்கலாம். போர்த்துக்கேயர் மட்டக்களப்புக் கோட்டையைக் கட்டியது 1628இல். 1638இல் ஒல்லாந்தர் பிடித்துவிட்டார்கள். போர்த்துக்கேயர் ஆட்சி போய் இத்தனை காலமாகியும் அவர்கள் வழிவந்த மட்டக்களப்புப் பறங்கியர் போர்த்துக்கேயக் கிரியோல் மொழியைக் காத்துவந்தார்கள். கல்யாண வீடுகளில் வயலினும் ரபான் மேளமும் வைத்துக் கபிரிஞ்ஞா நடனம் ஆடினார்கள். ஆபிரிக்கரின் தாளமும் அதில் கலந்திருக்கிறது. அந்த 6/8 நடையிலிருந்துதான் 1940களில் வொலி பஸ்தியன் சிங்கள பைலாவை வளர்த்தார். பிறகு நித்தி கனகரத்தினமும் ஏ. ஈ. மனோகரனும் கிற்றாரோடு தமிழில் பொப் பாடினார்கள். அந்த வரிசையில் வந்த 'சின்ன மாமியே' பாட்டைக் கொப்பி என்று எவர் தள்ளிவைத்தார்?

மேடைகளில் பைலா கேட்டு ஆடும் நம்மில் பலருக்கு அந்தப் பறங்கியர் பக்கத்திலேயே இருப்பது தெரியாது என்பது எனக்குப் பெரிய வருத்தம். 2004 ஆழிப்பேரலை டச்பார் பகுதிப் பறங்கிக் குடும்பங்களைக் கடுமையாகத் தாக்கியது. கிரியோல் பேசுவோர் தொகையும் குறைந்துகொண்டே போகிறது. கூட்டாளியையும் கூட்டிக்கொண்டு போய், அந்தப் பெரியவர்கள் வாசிப்பதைக் கேளுங்கள். பிறகு நொப்ளரின் அதே மூன்று விரல்களால் 6/8 அடித்துப் பாருங்கள்: ரபானின் அடியைப் பெருவிரலுக்குக் கொடுங்கள், வயலின் மெட்டைச் சுட்டுவிரலும் நடுவிரலும் எடுக்கட்டும். முதல் வாரம் பெருவிரல் மட்டும் போதும், வேகம் பிறகு.