மயக்கம் தெளியும்போது திமிறும் குழந்தை: அமைதியூட்டும் மருந்தைக் கையாளும் முறை

செவோஃபுளூரேன் வாயு கொடுத்து மயக்கப்பட்ட 2 முதல் 6 வயதுக் குழந்தைகளில் சிலர் கண் விழித்ததும் தாயைக்கூட அடையாளம் தெரியாமல் அலறுவார்கள். கை கால்களை உதறுவார்கள், டிரிப்ஸ் குழாயைப் பிடுங்குவார்கள். டான்சில், கண் அறுவைகளுக்குப் பின் இந்த மனக்குழப்பம் அதிகம். பெரும்பாலும் விழித்த முதல் அரை மணி நேரத்துக்குள் வந்து தானாகவே அடங்கிவிடும். ஆனால் அதற்குள் ரத்தம் கசியலாம், தையல் பிரியலாம்.

தடுப்பு வேலை அறுவைக்கு முன்பே தொடங்கவேண்டும். அழுதுகொண்டே மயங்கும் குழந்தை பதறி விழிக்கும் வாய்ப்பு அதிகம். முன்கூட்டிக் கொடுக்கும் மிடாசோலம் அச்சத்தைக் குறைக்கும். ஆனால் விழிப்புநேரப் பதற்றத்தைத் தடுக்க அதை நம்ப முடியாது. அறுவையின்போதே பாராசிட்டமால், நரம்பை மரத்துப்போகச் செய்யும் ஊசி போன்றவற்றால் வலியையும் அடக்கிவிட வேண்டும்.

அறுவை முடியும் தறுவாயில் மயக்கவியல் மருத்துவர் இரண்டு மருந்துகளில் ஒன்றைத் தேர்கிறார். டெக்ஸ்மெடெடோமிடின் என்றால் எடையில் கிலோவுக்கு 0.3 முதல் 0.5 மைக்ரோகிராம், சுமார் 10 நிமிடத்தில் மெதுவாக ஏற்றப்படும். இது மூச்சை அதிகம் ஒடுக்காது. நாடித்துடிப்பைத்தான் குறைக்கும், அவசரப்பட்டு ஏற்றினால் இன்னும் அதிகமாக. புரோப்போஃபால் என்றால் வாயுவை நிறுத்தும் நேரத்தில் கிலோவுக்கு 1 மில்லிகிராம். இரண்டிலும் விழிப்பு சற்றுத் தள்ளிப்போகும்.

இவ்வளவுக்குப் பிறகும் குழந்தை திமிறினால், உடனே சிரிஞ்சை எடுக்கக் கூடாது. ஆக்சிஜன் குறைந்த குழந்தையும் இப்படித்தான் திமிறும். அதற்கு அமைதியூட்டும் மருந்து கொடுப்பது உயிருக்கே ஆபத்து. எனவே முதலில் மூச்சுப்பாதையும் ஆக்சிஜன் அளவும், பிறகு வலி, ரத்தச் சர்க்கரை, நிறைந்த சிறுநீர்ப்பை ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். வலியால் அழும் குழந்தை பெரும்பாலும் முகம் பார்க்கும். மனக்குழப்பத்தில் இருக்கும் குழந்தை பார்க்காது. 2004இல் வெளியான பேட் (PAED) அளவுகோல் கண்தொடர்பு உட்பட ஐந்து நடத்தைகளுக்குத் தலா 0 முதல் 4 வரை மதிப்பெண் தருகிறது. கூட்டுத்தொகை 10ஐ எட்டினால் மனக்குழப்பம் என்று பல ஆய்வுகளில் கொள்ளப்படுகிறது.

லேசான பதற்றத்துக்கு வெளிச்சத்தைக் குறைத்து, தாயை அருகில் வைத்து, அடிபடாமல் காத்தால் போதும். கட்டுக்கடங்காவிட்டால் மட்டும் புரோப்போஃபால் கிலோவுக்கு 0.5 முதல் 1 மில்லிகிராம், அல்லது வலியும் சேர்ந்திருந்தால் ஃபென்டனில் கிலோவுக்கு 1 மைக்ரோகிராம். இவை மூச்சை ஒடுக்கக்கூடியவை என்பதால் ஆக்சிஜனும் செயற்கை மூச்சு கொடுக்கும் பையும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கவேண்டும். குழந்தை முழுமையாக விழிக்கும்வரை பல்ஸ் ஆக்சிமீட்டரைக் கழற்றாமல், வார்டுக்கு அனுப்பாமல் கண்காணிக்க வேண்டும்.