நெஞ்சுவலிக்கு விமானச் சீட்டா?

அமெரிக்காவில் உத்தியோகம் பார்க்கும் மக்களோடு சில மாதம் தங்கிவரப் புறப்படும் பெற்றோருக்கு, முன்னே போய்வந்தவர்கள் தவறாமல் ஓதி அனுப்பும் உபதேசம் ஒன்று உண்டு: “இன்சூரன்ஸ் இல்லையென்றால் ஆஸ்பத்திரி வாசலிலேயே நிறுத்திவிடுவான்; நெஞ்சு வலித்தாலும் பல்லைக் கடித்துக்கொண்டு பிளேன் ஏறி வந்துவிடுங்கள்.” வைத்தியத் தொழிலில் உள்ள எனக்கு இதைக் கேட்கும்தோறும் பொறுமை போய்விடுகிறது, முற்பாதி பொய், பிற்பாதியோ உயிரை வாங்கும் விபரீதம்.

மெடிகேர் என்னும் அமெரிக்க அரசாங்க இன்சூரன்ஸின் பணம் பெறும் வைத்தியசாலை எதுவாயினும், அநேகமாக எல்லாப் பெரிய ஆஸ்பத்திரிகளும் அவ்வகையே, தன் அவசரப் பிரிவுக்கு வந்த ரோகியைப் பரிசோதித்து, ஆபத்திருப்பின் அவனை ஸ்திர நிலைக்குக் கொண்டுவந்தே தீரவேண்டுமென்றும், பணத்தை விசாரிப்பதற்காக அதைத் தாமதிக்கலாகாதென்றும் 1986-ஆம் வருஷத்துச் சட்டம் விதிக்கிறது. பிரஜை, அந்நியன் என்ற பேதம் அதில் இல்லை. பில் பின்னால் வரும், மலைக்கவைக்கும் தொகையாகவே வரும், மறுக்கவில்லை; ஆனால் லாபநோக்கற்ற ஆஸ்பத்திரிகள் கட்டணச் சலுகைக்கு எழுத்து மூலமான விதிகள் வைத்திருக்கவேண்டுமென்று 2010-ஆம் வருஷத்துச் சட்டம் சொல்வதால், கேட்டுப் பார்க்க வழியுண்டு.

விமானத்துக்கு வருவோம். அடைபட்ட இருதய ரத்தக்குழாயை, முதல் வைத்திய உதவி கிட்டியதிலிருந்து 90 நிமிஷத்துக்குள் திறப்பது இலக்கு. பக்கவாதத்தில் ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்துக்குச் சாதாரணமாக நாலரை மணி நேரமே அவகாசம். சென்னைப் பிரயாணமோ ஏறக்குறைய ஒரு முழு நாள். போதாக்குறைக்கு, பறக்கும் விமானத்தினுள் காற்றழுத்தம், உதகமண்டலத்தினும் உயர்ந்த 8,000 அடி மலையில் இருப்பதற்குச் சமமாகக் குறையக்கூடும். பிராணவாயுவுக்குத் தவிக்கும் இருதயத்தை அங்கே கொண்டுபோய் உட்காரவைப்பதற்குப் பெயர் சிக்கனமா?

மற்றவை அற்பம். இந்தியத் தூதராலயம் பில்லைக் கட்டிவிடுமென்பார்கள்: கட்டாது; வைத்தியர் பட்டியல் தரும், பந்துக்களுக்குத் தகவல் சொல்லும், 2009-இல் தோன்றிய இந்தியர் நலநிதி, நிர்க்கதியானவர்களுக்கே, நிலைமையை ஆராய்ந்து உதவும். 911 என்ற அவசர எண்ணில் ஆம்புலன்ஸை அழைப்பதைவிடப் பிள்ளையின் காரே வேகமென்பார்கள்: ஆம்புலன்ஸில் வருவோர் வீட்டிலேயே இ.சி.ஜி. எடுத்து ஆஸ்பத்திரியை ஆயத்தப்படுத்த முடியும். பிள்ளையால் ஹாரன்தான் அடிக்க முடியும்.

இவ்வளவு பயப்படுகிற அதே மனிதர்கள், பிரீமியத்தை மிச்சம்பிடிக்க, இன்சூரன்ஸ் விண்ணப்பத்தில் சர்க்கரையையும் ரத்தக்கொதிப்பையும் மறைக்கிறார்களே, அதைத்தான் என்னால் சகிக்க முடியவில்லை. உள்ளதை எழுதுங்கள், பழைய நோய்க்கு எதுவரை பணம் தருவார்களென்று கேட்டு வாங்குங்கள். மாத்திரைகளின் கம்பெனிப் பெயர் அங்குள்ள வைத்தியருக்குத் தெரியாதாகையால், மருந்தின் மூலப்பெயர், அளவு, ஒவ்வாமை ஆகியவற்றை ஆங்கிலத்தில் எழுதிய சீட்டைப் பெட்டியில் போடாமல் சட்டைப்பையில் வையுங்கள். நகலொன்று உடன்வருபவரிடம் இருக்கட்டும்.