பனித்தரையில் ஒரு சிறு நாட்டின் கதை
(ஐரோப்பிய ஐஸ் ஹாக்கி வரலாறு – ஓர் அறிமுகம்)

ஹாக்கி என்றதும் நம் நினைவுக்கு வருவது பச்சைப் புல்தரையும் தயான் சந்தும்தான். 1928 முதல் 1956 வரை நடந்த ஆறு ஒலிம்பிக் போட்டிகளிலும் தங்கம் நமக்கே கிடைத்தது. அவற்றுள் 1948-ல் கிடைத்த தங்கத்துக்குத் தனி மதிப்பு உண்டு. சுதந்திரம் பெற்ற மறு ஆண்டே, நம்மை ஆண்ட பிரிட்டனை அதன் தலைநகரான லண்டனிலேயே 4-0 என்று வென்றோம். அந்த வெற்றி வெறும் விளையாட்டு வெற்றி அல்ல என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம்.

ஐஸ் ஹாக்கியைப் பற்றி எனக்கு நெடுநாள் நல்ல அபிப்பிராயம் இருந்ததில்லை. கவசம் அணிந்தவர்கள் ஒருவரையொருவர் இடித்துத் தள்ளும் முரட்டு ஆட்டம் என்றே எண்ணியிருந்தேன். அதன் ஐரோப்பிய வரலாற்றைப் படிக்கத் தொடங்கிய பிறகுதான், நமக்கு 1948-ல் ஹாக்கி எதைத் தந்ததோ, அதையே சில சிறிய ஐரோப்பிய நாடுகளுக்கு இந்த ஆட்டம் தந்திருக்கிறது என்று புரிந்தது. அவற்றுள் செக்கோஸ்லோவாக்கியாவின் கதையை இங்கே சொல்கிறேன்.

ஆட்டம் எப்படி?

கோல் காப்பாளரையும் சேர்த்து ஓர் அணிக்கு ஆறு பேர் களத்தில் இருப்பார்கள். காலில் ஸ்கேட் அணிந்து பனித்தரையில் வழுக்கிச் சென்று ஆட வேண்டும். பந்து கிடையாது. சுமார் மூன்று அங்குலக் குறுக்களவும் ஓர் அங்குலத் தடிமனும் உள்ள கெட்டி ரப்பர் வில்லையைத்தான் அடிப்பார்கள். இதற்கு 'பக்' என்று பெயர். இருபது நிமிடங்கள் கொண்ட மூன்று பகுதிகளாக ஆட்டம் நடைபெறும். வேகம் மிக அதிகம் என்பதால், ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே ஆட்டக்காரர்கள் மாறி மாறி இறங்குவார்கள்.

இந்த ஆட்டம் இன்றைய வடிவம் பெற்றது கனடாவில். ஐரோப்பாவின் வடபகுதியிலும் ருஷ்யாவிலும் உறைந்த ஏரிகளின் மீது பந்தை வைத்து ஆடும் 'பாண்டி' என்ற வேறொரு ஆட்டம் இருந்தது.

நாடு இல்லாதபோதே அணி

சர்வதேச ஐஸ் ஹாக்கிச் சங்கம் 1908 மே மாதம் பாரிஸில் தொடங்கப்பட்டது. அதே ஆண்டின் பிற்பகுதியில் பொஹீமியாவும் உறுப்பினராயிற்று. இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. அன்று பொஹீமியா தனி நாடு அல்ல. செக் மக்கள் வாழ்ந்த அப்பகுதி ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசின் ஆட்சியில் இருந்தது. உலக வரைபடத்தில் கிடைக்காத இடம் விளையாட்டுச் சங்கத்தின் உறுப்பினர் பட்டியலில் கிடைத்தது!

1909 ஜனவரியில் பிரான்ஸின் ஷாமோனி நகருக்குச் சென்ற பொஹீமிய அணி எல்லா ஆட்டங்களிலும் தோற்றது. 1910-ல் சுவிட்சர்லாந்தில் நடந்த முதல் ஐரோப்பியப் போட்டியில் பிரிட்டன் வென்றது. அடுத்த ஆண்டு பெர்லினில் நடந்த போட்டியில் வென்றது யார் தெரியுமா? இரண்டு ஆண்டுகளுக்கு முன் எல்லோரிடமும் தோற்ற அதே பொஹீமியா!

முதல் உலகப் போருக்குப் பின் செக்கோஸ்லோவாக்கியா என்ற நாடு பிறந்தது. 1920-ல் ஆன்ட்வெர்ப் ஒலிம்பிக்கில் ஐஸ் ஹாக்கி முதன்முறையாக இடம்பெற்றது. அங்கே கனடாவிடம் 0-15 என்றும் அமெரிக்காவிடம் 0-16 என்றும் செக் அணி தோற்றது. பிறகு ஸ்வீடனை 1-0 என்று வென்று வெண்கலம் பெற்றது. வாங்கிய கோல்கள் முப்பத்தொன்று, போட்டது ஒன்றே ஒன்று. அந்த ஒன்று பதக்கம் தந்தது. 1924-ல் ஷாமோனியில் கனடா அவர்களை 30-0 என்று புரட்டி எடுத்தது. ஆனாலும் அவர்கள் ஆட்டத்தை விடவில்லை.

உச்சியும் வீழ்ச்சியும்

1947-ல் பிராக் நகரில் நடந்த உலகப் போட்டியில் செக்கோஸ்லோவாக்கியா முதன்முறையாக வாகை சூடியது. அந்த முறை கனடா கலந்துகொள்ளவில்லை என்று குறை சொன்னவர்களுக்கு மறு ஆண்டே பதில் கிடைத்தது. 1948 ஒலிம்பிக்கில் கனடாவுடன் 0-0 என்று சமன் செய்து, கோல் கணக்கில் மட்டும் பின்தங்கி வெள்ளி பெற்றார்கள். அதே ஆண்டு நவம்பரில் பாரிஸிலிருந்து லண்டன் சென்ற விமானம் காணாமற்போனதில் தேசிய அணியின் ஆறு பேர் மறைந்தார்கள். அந்தத் துயரத்துக்குப் பிறகும், 1949-ல் ஸ்டாக்ஹோமில் கனடாவை 3-2 என்று வென்று மீண்டும் உலக வாகையர் ஆனார்கள்.

இதற்கிடையில் 1948 பிப்ரவரியில் அந்நாட்டில் கம்யூனிஸ்ட் ஆட்சி ஏற்பட்டிருந்தது. வெளிநாடு செல்லும் ஆட்டக்காரர்கள் திரும்பி வரமாட்டார்களோ என்ற சந்தேகம் அரசுக்கு. அது ஆதாரமற்ற சந்தேகமும் அல்ல. 1947-ல் வாகை சூடிய அணியில் ஆடிய யாரோஸ்லாவ் த்ரோப்னி, டென்னிஸிலும் வல்லவர். 1949-ல் சுவிட்சர்லாந்துக்கு ஆடச் சென்றவர் நாடு திரும்பவில்லை. 1954-ல் எகிப்தியக் குடிமகனாக விம்பிள்டனை வென்றார். அதே ஆண்டு அங்கே சிறுவர் பட்டம் வென்றவர் நம் ராமநாதன் கிருஷ்ணன் என்பது நினைவிருக்கும்.

1950 மார்ச்சில் லண்டனில் நடக்கவிருந்த உலகப் போட்டிக்குச் செல்ல விமான நிலையம் வந்த செக் அணி அங்கேயே தடுக்கப்பட்டது. வானொலி நிருபர்களுக்கு விசா கிடைக்கவில்லை என்று காரணம் சொல்லப்பட்டது. இரண்டு நாள் கழித்து, பிராக் நகரின் மதுக்கடை ஒன்றில் கூடி அரசைக் கடிந்து பேசிய ஆட்டக்காரர்கள் கைது செய்யப்பட்டார்கள். தேசத்துரோகம் என்று வழக்கு. அக்டோபரில் தீர்ப்பு வந்தது. கோல் காப்பாளர் போஹுமில் மோட்ரிக்கு 15 ஆண்டு, குஸ்தாவ் புப்னிக்குக்கு 14 ஆண்டு, மற்றவர்களுக்கும் சிறை. பலர் யுரேனியச் சுரங்கங்களில் வேலை செய்ய நேர்ந்தது. 1955-ல் பொது மன்னிப்பில் வெளியே வந்தார்கள். மோட்ரி 1963-ல் தம் 46-ஆம் வயதில் காலமானார். உலகப் பட்டம் வென்று ஓராண்டு கடந்த சில வாரங்களிலேயே வாகையர் கைதிகளான கதையைப் படித்துவிட்டு அன்று என்னால் மேலே படிக்க முடியவில்லை.

சீடன் குருவை மிஞ்சினான்

சோவியத் யூனியன் 1946-ல்தான் 'பக்' வைத்து ஆடும் ஹாக்கியைத் தொடங்கியது. 1948-ல் பிராக் நகரின் புகழ்பெற்ற கழக அணியை மாஸ்கோவுக்கு அழைத்து, அதனுடன் மூன்று ஆட்டங்கள் ஆடிக் கற்றுக்கொண்டது. பாண்டியில் பழகிய கால்வேகத்தையும், பந்தைத் தோழனுக்குத் தள்ளிக் கொடுக்கும் பழக்கத்தையும் புதிய ஆட்டத்தில் புகுத்தியது. 1954-ல் முதன்முறையாக உலகப் போட்டிக்கு வந்தபோதே கனடாவை 7-2 என்று வென்று பட்டத்தைக் கொண்டுபோயிற்று. 1963 முதல் 1971 வரை ஒன்பது ஆண்டுகள் தொடர்ந்து பட்டம் அவர்களிடமே இருந்தது.

1968 ஆகஸ்டில் சோவியத் தலைமையிலான படைகள் செக்கோஸ்லோவாக்கியாவுக்குள் புகுந்தன. 1969 மார்ச்சில் ஸ்டாக்ஹோமில் நடந்த உலகப் போட்டியில் இரு நாடுகளும் இருமுறை மோதின. முதல் ஆட்டத்தில் 2-0, இரண்டாவதில் 4-3 – இரண்டிலும் செக்கோஸ்லோவாக்கியாவுக்கே வெற்றி. ஆட்டக்காரர்கள் சிலர் தம் சட்டையில் இருந்த சிவப்பு நட்சத்திரத்தை ஒட்டுநாடாவால் மறைத்துக்கொண்டு ஆடினார்கள். இரண்டாம் வெற்றியன்று இரவு பிராக் வீதிகளில் மக்கள் திரண்டார்கள். சோவியத் விமான நிறுவனத்தின் அலுவலகம் சூறையாடப்பட்டது.

பலன் என்ன? ஸ்வீடன், சோவியத், செக்கோஸ்லோவாக்கியா மூன்றும் சமமாக 16 புள்ளிகள் பெற்றன. கோல் கணக்கில் தங்கம் சோவியத்துக்கே போயிற்று. வீதிக் கலவரத்தைச் சாக்காகக் கொண்டு நெருக்குதல் அதிகமாயிற்று. ஏப்ரலில் சீர்திருத்தத் தலைவர் டுப்செக் கட்சித் தலைமையை இழந்தார். ஹாக்கியில் வென்றதால் படைகள் வெளியேறிவிடவில்லை. இதையும் சொல்லத்தான் வேண்டும்.

கற்க வேண்டியது

அப்படியானால் விளையாட்டு எதைத்தான் சாதித்தது? எனக்குத் தோன்றுவது இது. ஆட்சி மாறுவது விளையாட்டால் அல்ல. ஆனால் 'நாங்கள் இருக்கிறோம்' என்று ஒரு சிறு இனம் உலகுக்குச் சொல்லவும், தனக்குத்தானே நினைவூட்டிக்கொள்ளவும் அது உதவுகிறது. அதனால்தான் அன்றைய ஆட்சியாளர்கள் தம் வாகையரைக் கண்டே அஞ்சினார்கள்.

சிறையிலிருந்து மீண்ட புப்னிக் பின்னாளில் பின்லாந்து அணிக்குப் பயிற்சியாளரானார். 1967-ல் வியன்னாவில் அந்த அணி முதன்முறையாகச் செக்கோஸ்லோவாக்கியாவை வென்றது. புகழ்பெற்ற செக் வீரர் யாரொமிர் யாகர் 1968-ஐ மறவாதிருக்கத் தம் சட்டையில் 68 என்ற எண்ணையே அணிந்து ஆடினார். 1993-ல் நாடு செக், ஸ்லோவாக்கியா என இரண்டாகப் பிரிந்தது. 1998 நகானோ ஒலிம்பிக் இறுதியாட்டத்தில் செக் அணி ருஷ்யாவை 1-0 என்று வென்றது. யாகரும் அந்த அணியில் இருந்தார். ஸ்லோவாக்கியாவும் 2002-ல் உலகப் பட்டம் வென்றது. 2024-ல் பிராக் நகரிலேயே, சொந்த மக்கள் முன்னிலையில், செக் அணி மீண்டும் உலக வாகையர் ஆயிற்று.

அடுத்த குளிர்கால ஒலிம்பிக்கைத் தொலைக்காட்சியில் பார்க்கும்போது, இந்த முரட்டு ஆட்டம் நமக்கு எதற்கு என்று அலைவரிசையை மாற்றிவிடாதீர்கள். பக்கத்தில் குழந்தைகளை உட்கார வைத்து, ஒரே ஒரு கோல் போட்டு வெண்கலம் வாங்கியவர்களின் கதையைச் சொல்லுங்கள். நம் 1948 கதையையும் சேர்த்தே சொல்லுங்கள்.